கார் ஷெட்டு ரூமாகுது, சுவருல வெள்ளம் கேறுது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீடு தக்கலை பக்கம். எட்டு வருசம் முந்தி வீட்ட ஒட்டி பத்துக்கு பதினெட்டுல ஒரு கார் ஷெட்டு கட்டுனோம், மூலைக்கு மூலை பில்லரு, நடுவுல நாலரை இன்ச் செங்கல் சுவரு, மேல காங்கிரீட், முன்னாடி ஷட்டரு. இப்ப காரை வித்தாச்சு. அம்மாவுக்கு முட்டு வலி, மாடிப்படி கேற முடியல, அதனால ஷெட்டையே அவங்களுக்கு ரூமா மாத்தலாம்னு இருக்கோம். ஆனா உள்சுவரு மூணு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஓதம் அடிச்சு கெடக்கு, பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரியுது, தடவுனா வெள்ளப்பொடி கையில வருது. மேற்கு சுவருல மேலயும் அங்கங்க திட்டு இருக்கு. காண்ட்ராக்டர் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிட்டா வெளிய தெரியாதுங்கறாரு. பெயிண்ட் கடையில டேம்ப் ப்ரூஃப் அடிங்க, பத்து வருசத்துக்கு கவலை இல்லைங்கறாங்க. இங்கிலாந்துல இருக்கற எங்க பையன் ஒரு வீடியோ அனுப்பி, அங்க சுவருக்கு உள்பக்கம் மரச்சட்டம் அடிச்சு, பிளாஸ்டிக் ஷீட் போட்டு, மேல போர்டு வச்சு மூடிருவாங்க, அதே மாதிரி செய்யுங்கன்னு சொல்லுதான். முற்றத்துல போன வருசம் இண்டர்லாக் போட்டோம், முன்ன ஷெட்டுக்குள்ள வண்டி ஏத்த ஒரு சின்ன ஏத்தம் இருந்துச்சு, அப்புறம் அது இல்லாம வண்டி நேரா ஏறுச்சு. யாரு சொல்லுறத கேக்க?

பதில்: மூணு பேருமே நல்லதுக்கு தான் சொல்லுதாங்க, ஆனா மூணு பேரும் சுவரோட உள்பக்கத்த மட்டும் பாத்து சொல்லுதாங்க. உங்க கடுதாசில முக்கியமான வரி கடைசில இருக்கு பாத்தியளா, "வண்டி நேரா ஏறுச்சு". அங்க தான் வினை கெடக்கு. அதுக்கு பொறவு வாரேன்.

மொதல்ல என் சொந்த கதை ஒண்ணு. நான் சைட் வேலை படிச்சுட்டு இருந்த காலத்துல எங்க வீட்டு பின்கட்டு ரூம்ல இதே மாதிரி ஓதம். எனக்கு எல்லாம் தெரியும்ங்கற நெனப்புல நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுனேன். ஆறு மாசம் ஜம்முனு இருந்துச்சு. அடுத்த ஆடிச்சாரல் முடியறதுக்குள்ள டைல்ஸோட மேல் விளிம்புக்கு மேல, ஸ்கேல் வச்சு கோடு போட்டாப்புல, நாலரை அடி உயரத்துல பழுப்பு கோடு. எங்க அம்மா கைய வச்சு பாத்துட்டு "இடுப்பளவு இருந்தத நெஞ்சளவுக்கு ஏத்தி விட்டிருக்க மக்கா"ன்னு ஒரு வார்த்தை தான் சொன்னாங்க. சுவருக்குள்ள கேறுன ஈரத்துக்கு வெளிய போக வழி வேணும், வழிய நீங்க அடைச்சா அது மேல போயி வழி தேடும், அவ்வளவு தான் விசயம். டைல்ஸுக்கும் இதே கதை தான், பத்து வருச பெயிண்டுக்கும் இதே கதை தான், பெயிண்ட் பொரியாம நின்னாக்கூட ஈரம் உள்ள தான் இருக்கும், செங்கல் உள்ளுக்குள்ளயே பொடியும்.

சரி, சுவருக்குள்ள ஈரம் எப்படி வருது? தரையில இருந்து மேல கேறுறது ஒண்ணு, மழை வெளிய இருந்து ஊறி வாறது இன்னொண்ணு, ரூமுக்குள்ள இருக்கற காத்து ஈரமே குளிர்ந்த சுவருல வேர்க்கறது மூணாவது. பைப் ஒழுக்கு, மொட்டைமாடி ஒழுக்கு தனி, அது உங்க வீட்டுல இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்க. ஆளு எதுன்னு தெரியாம மருந்து வாங்கப்படாது. சமையல்கட்டுல சப்பாத்தி சுத்துற அலுமினியம் பேப்பர் இருக்கும்ல, அதுல ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, ஈரம் இருக்கற எடத்த துடைச்சுட்டு, நாலு ஓரமும் காத்து போகாம டேப் ஒட்டிருங்க, ரெண்டு நாள் கழிச்சு பாருங்க. பேப்பரோட முன்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்து, பின்பக்கம் நனைஞ்சிருந்தா சுவருக்குள்ள இருந்து வருது. உங்க கேஸ்ல பின்பக்கம் தான் நனையும்னு நெனைக்கேன், ஏன்னா மூணு சுவருலயும் ஒரே உயரத்துக்கு பட்டையா கெடக்கு, வெள்ளப்பொடி வேற, அது தரையில இருந்து உப்பையும் தூக்கிட்டு கேறுற ஈரத்தோட கையெழுத்து. பொதுவா மூணடி வரைக்கும் இப்படி கேறும். மேற்கு சுவருல மேல தெரியற திட்டு வேற ஆளு, அது மழை. ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை அந்த சுவருல தான் சாய்ஞ்சு அடிக்கும், நாலரை இன்ச் ஒத்தைக்கல் சுவரு அத தாங்காது. நமக்கு ஆனி ஆடியும் மழை, ஐப்பசி கார்த்திகையும் மழை, சுவரு காயறதுக்கு நடுவுல எத்தன நாள் கெடைக்குதுன்னு நீங்களே எண்ணிப்பாருங்க.

இப்ப இண்டர்லாக். அறுபது எம்எம் கல்லு, அதுக்கடியில மணலு, அதுக்கடியில ஜல்லிப்பொடி, எல்லாம் சேந்து முற்றம் அரையடி கிட்ட ஒசந்திருக்கும். ஷெட்டு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு மேல காங்கிரீட் பெல்ட் போட்டிருப்பாங்க, அந்த பெல்ட்டு தான் தரை ஈரத்த தடுக்கற எல்லைக்கோடு. வெளி மண்ணு அந்த பெல்ட்டுக்கு அரையடியாவது கீழ இருக்கணும். இப்ப முற்றமும் ஷெட்டுத் தரையும் சமம்னா, பெல்ட்டு மண்ணுக்குள்ள போயாச்சு, மழை வெள்ளம் நேரா பெல்ட்டுக்கு மேல உள்ள செங்கலத் தொடுது. அது போக கல்லுல விழுந்து தெறிக்கற மழையும் சுவருல அரை அடி ஒரு அடி உயரத்துக்கு அடிக்கும். முன்னாடி ஓதம் இருந்தாலும் இவ்வளவு இருந்திருக்காது, வீட்டுல உள்ளவங்ககிட்ட கேட்டு பாருங்க.

அதனால மொத வேலை உள்ள இல்ல, வெளிய. சுவர ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு இண்டர்லாக்க எடுங்க, எடுத்த கல்ல பத்திரமா அடுக்கி வச்சுக்கிடுங்க, கீழ ஷெட்டுத் தரையில இருந்து அரையடிக்கும் கொஞ்சம் கூடுதலா தோண்டி, சுவருல இருந்து வெளிய சாயற மாதிரி சரிவு குடுத்து, முக்கால் இன்ச் ஜல்லி நெறைங்க. அந்த பள்ளம் ஒரு பக்கம் ஓடைக்கு போகணும், இல்லன்னா நீங்களே சுவரு பக்கத்துல குளம் வெட்டுன கணக்காகும். மொத்தம் ரெண்டு ஆளுக்கு ரெண்டு நாள் வேலை. இந்த செலவு தான் ஆகக் கம்மி, பலன் ஆகக் கூடுதல், ஆனா கண்ணுக்கு பளபளன்னு தெரியாதுங்கறதால யாரும் இத மொதல்ல சொல்ல மாட்டாங்க.

தோண்டும்போதே சுவரு அடியில ஒரு அடி பூச்ச கொத்தி பாருங்க, பெல்ட்டு இருக்கான்னு தெரிஞ்சுரும். இருந்தா, பெல்ட்டையும் மூடி மேலயும் கீழயும் ஒரே பூச்சா பூசியிருப்பாங்க, அந்த பூச்சு தான் ஈரத்துக்கு பாலம். பெல்ட்டு கிட்ட உள்ளயும் வெளியயும் பூச்ச வெட்டி விட்டாலே பாதி பிரச்சனை தீரும். இல்லன்னா ஊசி போடணும். சிரிக்காதீங்க, ஊசி தான். தரைக்கு அரையடி மேல, செங்கல்ல இல்ல, ரெண்டு வரிசைக்கு நடுவுல உள்ள சாந்துல பன்னெண்டு எம்எம் ட்ரில்லால நூத்தி இருபது எம்எம்முக்கு ஒரு ஓட்டை, நாலு இன்ச் ஆழம், மறுபக்கம் துளைச்சுரப்படாது. அதுல சைலேன் க்ரீம்னு ஒண்ண நெறைப்பாங்க, அது சாந்துக்குள்ள பரவி தண்ணி ஏறாத ஒரு படலமா நிக்கும். உங்க ஷெட்டுல மூணு சுவரும் சேத்து நாப்பத்தாறு அடி, அப்ப ஓட்டை நூத்தி இருபது கிட்ட வரும். ஓட்டைய எண்ணி பாருங்க, எழுபதோட நிறுத்திட்டு பணம் கேட்டா குடுக்காதீங்க.

அடுத்தது பூச்சு. ஓதம் தெரியற உயரத்துக்கு மேல இன்னும் ஒரு அடி சேத்து உள்பூச்ச மொத்தமா கொத்தி எடுங்க, அது முழுக்க உப்பு ஏறி கெடக்கும். செங்கல் மேல உள்ள வெள்ளப்பொடிய காஞ்ச பிரஷ்ஷால தட்டி, கூட்டி, அள்ளி வெளிய போடணும். தண்ணி ஊத்தி கழுவப்படாது, கழுவுனா உப்பு கரைஞ்சு திரும்ப செங்கலுக்குள்ள போயிரும், நம்ம கொத்தனாருங்க ஹோஸ் பைப்போட தான் வந்து நிப்பாங்க, நீங்க தான் நிறுத்தணும். அப்புறம் காய விடணும். இதுல தான் யாருக்கும் பொறுமை கெடையாது. சுவரு காயறதுக்கு ஒரு இன்ச்சுக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு, உங்க நாலரை இன்ச்சுக்கு நாலு அஞ்சு மாசம். அதனால தை மாசம் கொத்திப்போட்டா, மாசி பங்குனி சித்திரை வெயில்ல காயும், மழை பிடிக்கறதுக்கு முந்தி பூசிரலாம். ஐப்பசில கொத்திட்டு கார்த்திகையில குடியேறணும்னு நெனச்சா நான் சொன்ன எதுவும் நடக்காது. புதுப்பூச்சுக்கு சிமெண்ட் ஒண்ணு, சுண்ணாம்பு ஒண்ணு, மணல் ஆறு. வெறும் சிமெண்ட் பூச்சு கல்லு மாதிரி இறுகி மூச்ச அடைக்கும். பூசுன கையோட வால் புட்டி வைக்காதீங்க, மொத ஒரு வருசம் சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ அடிச்சு ஓட்டுங்க, அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க.

மேற்கு சுவருக்கு வெளிப்பூச்சு தனி. பழச கொத்திட்டு ரெண்டு கோட்டா, மொத பன்னெண்டு எம்எம், அது இறுகுன பொறவு எட்டு எம்எம், ஒண்ணுக்கு நாலு கலவை, ஒரு மூட்டை சிமெண்டுக்கு இருநூறு எம்எல் வாட்டர் ப்ரூஃப் லிக்விட், அதுக்கு மேல ஊத்துனா பலன் கூடாது. பில்லரும் செங்கலும் சேர்ற எடத்துல கோழி வலை அடிக்காம பூசப்படாது, அந்த கோடு தான் மொதல்ல வெடிக்கும். எல்லாத்தையும் விட, அந்த பக்கம் ரெண்டடிக்கு ஷீட் எறவாணம் எறக்குங்க. பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்கு பக்கத்துல தானே, அடுத்த தடவ போனா ராஜா கட்டில பாக்கற கூட்டத்துல நிக்காம, வெளிய நின்னு ஓட்டுக்கூரை எவ்வளவு தாழ எறங்கி சுவர மூடிருக்குன்னு பாருங்க. சுவரு நனையவே இல்லன்னா அதுக்கு மருந்து எதுக்கு. நம்ம வெட்டுகல்லு வீட்டுக்காரங்களும் அதையே தான் செஞ்சாங்க, நாம தான் பெட்டி மாதிரி காங்கிரீட் போட்டுட்டு கெமிக்கல் கடைக்கு அலையுதோம்.

தரைய மறந்துராதீங்க. ஷெட்டுத் தரை வண்டி நிக்கத்தான் போட்டது, அடியில ஷீட் இருக்காது. அது மேல இருநூத்தி அம்பது மைக்ரான் பாலிதீன் விரிங்க, ஒரு ஷீட்டு மேல இன்னொண்ணு ஒரு அடி ஏறி கெடக்கணும், ஓரத்துல சுவரு மேல மடக்கி, ஊசி போட்ட மட்டத்தோடயோ பெல்ட்டோடயோ சேரணும். அது மேல மூணு இன்ச் காங்கிரீட், அப்புறம் டைல்ஸ். ஷீட்டுல கம்பி குத்தி ஓட்டை விழாம பாத்துக்கிடுங்க. தரை இப்படி ஒசந்தா முற்றத்துக்கும் ரூமுக்கும் வித்தியாசம் தானா கெடைக்கும், வாசல்ல அம்மாவுக்கு படி வேண்டாம், வெளிய சாயற சரிவு போட்டு குடுங்க. ஷட்டர் எடுத்த எடத்துல அடைக்கற சுவரையும் வெறும் தரை மேல அப்படியே கட்டிராதீங்க, அதுக்கு சின்னதா ஒரு அஸ்திவாரம், மேல பெல்ட்டு, பொறவு தான் செங்கல். ஜன்னலும் அங்கயே வந்துரும். நம்மள மாதிரி ஈர வெக்கை ஊருக்கு தரை பரப்புல ஆறுல ஒரு பங்கு ஜன்னல் வேணும்னு நேஷனல் பில்டிங் கோடு சொல்லுது, உங்க நூத்தி எம்பது சதுர அடிக்கு முப்பது, அதாவது நாலுக்கு நாலு ஜன்னல் ரெண்டு வச்சா சரியா வரும்.

கடைசியா பையனோட வீடியோ. பையன் சொன்னது தப்பே இல்ல, அங்க அது சரி. அங்க குளிரு, ரூமுக்குள்ள சூடு போட்டிருப்பாங்க, உள்ள இருக்கற ஈரக்காத்து வெளிய குளிர்ந்த சுவர பாத்து போகும், அத மறிக்க பிளாஸ்டிக் ஷீட்ட உள்பக்கம் வைக்காங்க. நமக்கு எல்லாம் தலைகீழ். வெளிய தான் வெக்கையும் ஈரமும், உள்ள ஏசி போட்டா அது உள்ள பாத்து வரும், உள்பக்கம் ஷீட்ட வச்சா அதோட முதுகுல தான் வேர்க்கும், போர்டுக்கு பின்னால பூஞ்சை பிடிச்சு நாறுனாத்தான் நமக்கு தெரியவரும். மரச்சட்டமும் ஈரமும் சேந்தா கரையானுக்கு கல்யாண விருந்து. ஆனா பையனோட யோசனையில சாரம் ஒண்ணு இருக்கு, ரெண்டு சுவரும் நடுவுல இடைவெளியும். மேற்கு பக்கம் மட்டும் ரெண்டு இன்ச் இடைவெளி விட்டு நாலு இன்ச் பிளாக்ல உள்ள ஒரு சுவர் எழுப்புனா, வெளிச்சுவரு நனைஞ்சாலும் உள்ள வராது. நடுவுல சாந்து விழுந்து அடைக்காம பாக்கணும், விழுந்த சாந்தும் பாலம் தான். அரையடி இடம் போகும், பத்தடி ஒம்பதரை ஆகும், கட்டில் போட தாராளம். மத்த ரெண்டு சுவருக்கும் இது தேவையில்ல.

கேள்வி: மணவாளக்குறிச்சியில இருந்து எழுதுதேன். எங்க ஷெட்டு ரூம் சுவரு மழையே இல்லாத நாள்லயும் மேகமூட்டமா இருந்தா கருத்து நனையுது, வெயில் அடிச்சா தானா காயுது. ஊசி போட்டும் போகல. காசு போனது தான் மிச்சம்.

பதில்: அக்கா, ஊசி மேல தப்பில்ல, ஊசி போட்டவங்க பூச்ச அப்படியே விட்டுட்டு போயிருக்காங்க. உங்க பூச்சுல உப்பு இருக்கு, கடற்கரை மணல கலந்து பூசியிருக்கலாம். சாப்பாட்டு உப்பு இருக்குல்லா, காத்துல ஈரம் முக்காப்பங்குக்கு மேல போனா அது தானா தண்ணி இழுக்கும், மழைக்காலத்துல உப்புச் சாடிய தெறந்து பாத்தா தெரியும். உங்க சுவரு ஒரு பெரிய உப்புச் சாடி, அவ்வளவு தான். பூச்ச மொத்தமும் கொத்தி எடுத்து, நல்ல எம் சாண்டுல பூசுனா தான் தீரும், மேல எத அடிச்சாலும் நிக்காது. அதோட ஒரு கொத்தனார விட்டு கூரை காங்கிரீட்ட சுத்தியலால தட்டி பாக்கச் சொல்லுங்க, பொள்ளையா சத்தம் கேட்டாலோ துரு நெறத்துல கோடு தெரிஞ்சாலோ, அதே மணலு காங்கிரீட்டுக்குள்ளயும் போயிருக்கு, உப்பு கம்பிய தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். அப்ப ஓதத்த விட்டுட்டு இன்ஜினியர கூப்புடுங்க.

கேள்வி: சாரே, குலசேகரம் பக்கம் நம்ம ஷெட்டு. பின்சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த ஆளோட வாழைத்தோட்டம், நம்ம தரைய விட மூணடி ஒசரம், மண்ணு சுவருல சாஞ்சு கெடக்கு. அவரு வாழைக்கு வெள்ளம் விட்டா நம்ம ரூம்ல கசியுது. உள்ள என்ன அடிக்க?

பதில்: உள்ள ஒண்ணும் அடிக்காதீங்க, வெள்ளம் பின்னால இருந்து தள்ளும்போது உள்ள எத பூசுனாலும் தோலு மாதிரி உரிஞ்சு வந்துரும். மூணடி நனைஞ்ச மண்ண ஷெட்டுச் சுவரு தாங்கிட்டு நிக்கறதே எனக்கு பயமா இருக்கு, அது மண்ணு தாங்க கட்டுன சுவரு இல்ல. வயல்காரருகிட்ட பக்குவமா பேசி, ஒரு வாழைக்குலை வாங்குற சாக்குல போனாலும் சரி, சுவர ஒட்டி மூணடி ஆழத்துக்கும் மண்ண எடுக்க சம்மதம் வாங்குங்க. சுவரோட வெளிமுகத்துல வாட்டர் ப்ரூஃப் பூச்சு, அடியில ஓட்டை போட்ட நாலு இன்ச் பைப்பு சரிவா, சுத்தி ஜல்லி, ஜல்லிக்கு மேல மண்ணு உள்ள போகாம துணி மாதிரி ஒரு ஷீட், பைப்பு உங்க பக்க ஓடையில போயி விழணும். மண்ண திரும்ப தள்ளாம தனியா கருங்கல் சுவரு ஒண்ணு கட்டி நிறுத்துனா இன்னும் நல்லது. அவரு சம்மதிக்கலன்னா அந்த பின்சுவர விட்டு ஒன்றரை அடி தள்ளி உள்ள புதுச்சுவரு கட்டி, நடுவுல ஓடை விட்டுருங்க, எடம் போனாலும் தூக்கம் வரும்.

கேள்வி: நாகர்கோவில்ல ஷெட்ட ஆபீஸ் ரூமா மாத்தியாச்சு. ஏசி போட்டா ஓதம் இழுத்துரும்னு சொல்லுதாங்களே, நெசமா? போட்ட பொறவு தான் பீரோவுக்கு பின்னால கருப்பா புள்ளி புள்ளியா வருது.

பதில்: ஏசி காத்துல உள்ள ஈரத்த எடுக்கும், சுவருக்குள்ள கேறுறத நிறுத்தாது. வெளிய முப்பது டிகிரி, ஈரம் எம்பது சதவீதம்னு வச்சுக்கிடுங்க, அந்த காத்து இருபத்தாறு டிகிரி சுவரத் தொட்டாலே வேர்க்க ஆரம்பிக்கும். நீங்க ஏசிய இருபத்தி ரெண்டுல வச்சுட்டு, கதவ தெறந்து தெறந்து மூடுதிய, சுவருல வேர்த்தது பீரோவுக்கு பின்னால காய வழியில்லாம கெடக்கு, அதான் பூஞ்சை. இருபத்தாறு இருபத்தேழுல வைங்க, ஷட்டர் மேல உள்ள இடுக்க அடைங்க, பீரோவ சுவருல இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க, சாயங்காலம் ஏசிய நிறுத்துன கையோட ஃபேன அரை மணி நேரம் ஓட விடுங்க.